சாம்பிள் பார்த்தே தீபாவளி போய்விடும்

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே டி-ஷர்ட் விற்கிறேன். 'ஏல மக்கா', 'என்னல சொல்லுத' என்று நம்ம ஊர்ப் பேச்சை நானே வரைந்து கொடுப்பேன். ஏஜென்ட் ஒருவர் திருப்பூரில் தைத்து, பிரிண்ட் போட்டு வாங்கித் தருகிறார். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்குமாகத் தீபாவளிக்கு 300 பீஸ் வேண்டும். சாம்பிள் மேல் சாம்பிளாகப் பார்த்தாயிற்று. ஒன்றில் எழுத்து கால் அங்குலம் இறங்கியிருக்கிறது, ஒன்றில் மஞ்சள் என் போனில் பார்த்த மஞ்சளாக இல்லை, கடைசியாக வந்ததில் நீளம் அரை அங்குலம் குறைவு. முழுத் திருப்தி வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட வாங்குகிறவர் கண்டுபிடிக்கமாட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினாலே எழுத்து கால் அங்குலத்துக்கு மேல் நகரும். பனியன் துணி இழுபடும் துணி, தைக்கிற கையும் ஒன்றல்ல. மார்பிலும் நீளத்திலும் அரை அங்குலம் கூடுவதும் குறைவதும் தொழிலில் சகஜம். போனில் தெரிவது வெளிச்சம், துணியில் இருப்பது சாயம். இரண்டையும் ஒப்பிட்டால் ஆயுசுக்கும் ஒத்துப்போகாது. வேண்டிய நிறத்தில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, வருவதைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 300 பீஸும் ஒரே சாய லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட துணியில், இருக்க வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் சரக்கையே எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? 300 பீஸ் லாட் என்றால் 50-ஐ உருவி எடுப்பார்கள். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும், பரவலாகப் பின்பற்றும் ஏக்யூஎல் 2.5 கணக்குப்படி, அந்த 50-இல் பெரிய குறை உள்ளவை மூன்று வரை இருந்தால் பாஸ், நான்கானால் ஃபெயில். நமக்கு மட்டும் 300-உம் அச்சில் வார்த்த மாதிரி வர வேண்டுமாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் திருப்தியின்மையில் லாபம் பார்க்கிறவர் ஏஜென்ட்தான். ஒவ்வொரு சாம்பிளுக்கும் தனிக் காசு. பண்டிகை நெருங்க நெருங்க நீங்கள் பதறுவீர்கள், "இனி டைம் இல்லக்கா, முழுப் பணமும் போட்டுவிடுங்க" என்பார். சரக்கு வரும், துணி வேறாக இருக்கும். சாம்பிளுக்கு எங்கேயோ மிஞ்சின எக்ஸ்போர்ட் துணி, ஆர்டருக்கு மெலிந்த துணி. நீங்கள் எழுத்து இறங்கியதை அளந்துகொண்டிருக்கும் நேரத்தில் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) 150 ஆகியிருக்கும். காலங்காலமாக நடக்கிற கூத்து இது.

இதைப் பிடிக்க லேப் வேண்டாம். ஒரு பீஸைப் பலி கொடுங்கள். துணியை இழுக்காமல் மேசையில் விரித்து, நீளம் அகலம் இரண்டும் 10 சென்டிமீட்டர் இருக்கும்படி சதுரமாக வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம். 1.5 காட்டினால் ஏஜென்டுக்குப் போன் போடுங்கள். இதை மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். சாம்பிள் காசை ஆர்டர் பில்லில் கழிக்க வேண்டும், முழுப் பணத்தை முன்னால் கொடுக்கக் கூடாது, ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு பீஸும் வாங்கக் கூடாது.

ஏமாந்தால் நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். மறுவிற்பனைக்கு வாங்குகிறவர் 2019-ஆம் வருடச் சட்டப்படி நுகர்வோரே இல்லை. கட்டில் வாங்கி ஏமாந்தவருக்குக் கதவு திறக்கும், நாலு காசு சம்பாதிக்கச் சரக்கு வாங்கி ஏமாந்த பெண்ணுக்குத் திறக்காது. சிவில் வழக்குப் போட்டால் அந்த டி-ஷர்ட்டைப் போட வேண்டிய பிள்ளை காலேஜ் முடித்துவிடும். அதனால் உங்கள் கோர்ட் காகிதம்தான். அளவு, எவ்வளவு கூடலாம் குறையலாம், ஜிஎஸ்எம், டெலிவரி தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். பிடித்த சாம்பிள் இரண்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் நீங்களும் எதையும் மாற்றக் கூடாது.

கையெழுத்துக்கு முன் சாம்பிளை மூன்று முறை துவைத்து அளந்து பாருங்கள். 28 அங்குல நீளம் 5 சதவீதம் சுருங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போயிற்று. அது அரை அங்குல விஷயமில்லை, வாங்கினவர் திரும்பி வருவார். தமிழ் எழுத்தை கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி ஃபைலைக் கொடுங்கள். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கொம்பு ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமும் ஓடிவிடும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் எவ்வளவு பிடிவாதம் பிடித்தாலும் தப்பில்லை: பிள்ளைகள் உடுப்பு. பெரியவர் பேட்டர்னைச் சுருக்கிப் பிள்ளைக்கு வெட்டுவது பல யூனிட்டில் வழக்கம். உடம்பு சரியாக இருக்கும், தலை நுழையாது. இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தலையின் சுற்றளவு ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைத்த இழுபடும் பட்டியை, நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்றளவு அளந்தால் குறைந்தது 52 சென்டிமீட்டர் வர வேண்டும், இழுக்கும்போது தையல் 'பட் பட்' என்று விடவும் கூடாது. வராவிட்டால் தோளில் பட்டன் வைக்கச் சொல்லுங்கள். அந்த டிச் பட்டனைப் பிடித்துப் பலமாக இழுங்கள், கையோடு வந்தால் அது நாளைக்குப் பிள்ளை வாயில் இருக்கும். தொப்பி வைத்த மாடல் என்றால் கழுத்தில் கயிறே வேண்டாம், எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். பிரிண்டின் உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், உறுத்தினால் பிள்ளை போடாது. இதில் ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்கள், பண்டிகை போனாலும் பரவாயில்லை.

உங்கள் விஷயத்தில், பெரியவர்கள் சைஸுக்கு இந்த வாரமே ஆர்டரைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் சைஸுக்குக் கழுத்து சரியாக இன்னொரு சாம்பிள், அவ்வளவுதான். அடுத்த முறை பிள்ளைகளுக்கு நெய்த துணியில் சட்டை, கவுன் என்று யோசித்தால், தூத்துக்குடிப் பக்கம் ரெடிமேட் தையலுக்குப் பேர்போன புதியம்புத்தூரில் விசாரியுங்கள். ஏஜென்ட் வேண்டாம். காலையில் பஸ் ஏறி, தைக்கிற இடத்தை நேரில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம்.