குடும்பத்தோட இறையியல் மேற்படிப்பு: கேளுங்கோ, சொல்லுறன்

அக்கா, நான் சாவகச்சேரியில ரீச்சர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பிஏ இருக்கு. நேர எம்.ரி.எச் (இறையியல் முதுமாணி) செய்யேலாதோ?

ஏலாது தம்பி, இறையியல் பட்டங்கள் குடுக்கிற இந்தியாவின்ர செராம்பூர் செனற் முறையில எம்.ரி.எச்சுக்கு முதல் பி.டி (இறையியல் இளமாணி) வேணும். கண்டிக்குக் கிட்ட பிலிமத்தலாவையில இருக்கிற இலங்கை இறையியல் கல்லூரியில அதைத் தமிழிலயே செய்யலாம், 1963 இல அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபையள் எல்லாம் சேர்ந்து தொடங்கினது, பட்டம் செராம்பூர் செனற் குடுக்கிறது. ஆனா விண்ணப்பம் எடுக்க முதல் உங்கட ஆயரோட ஒருக்காக் கதையுங்கோ. சபை அனுப்பிப் போறதும் சொந்தக் காசில போறதும் ஒண்டில்ல.

ரெண்டு பிள்ளையள், மனுசி வங்கியில வேலை. நான் மட்டும் போறதோ, எல்லாரும் போறதோ?

அதை நான் சொல்லேலாது அண்ணை, மனுசியைத்தான் கேக்கோணும், அதுவும் ஃபோர்ம் நிரப்ப முதல். ஏ9 ஆல கண்டி 300 கிலோமீற்றருக்கு மேல, திங்கள் விடிய வகுப்பில நிக்கோணுமெண்டா ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட பாக்கைத் தூக்கோணும், பிள்ளைக்குக் காய்ச்சலெண்டாலும் உடன ஓடி வரேலாது. மூத்தது ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலசிப் எடுக்கிற வருசமெண்டா ஒரு வருசம் பிந்திப் போங்கோ. "கர்த்தர் பாத்துக்கொள்ளுவார்" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்ட கனபேரைத் தெரியும் எனக்கு, பாத்துக்கொண்டது மாமிமார்தான்.

கிரேக்கம், எபிரேயு எல்லாம் எப்ப அக்கா படிச்சனீங்கள்?

விடிய நாலரைக்கு, புட்டுக்கு மா குழைக்க முதல். அலுமாரிக் கதவில லூஓ, லூஎயிஸ், லூஎயி எண்டு கிரேக்க வினைச்சொல் வாய்பாட்டைக் கொட்டை எழுத்தில எழுதி ஒட்டி வச்சனான், மகள் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போடேக்க அதைப் பாட்டா இழுத்துப் பாடுவாள், சோதினை ஹோலில எனக்கு அவளின்ர குரல்லதான் ஞாபகம் வந்தது. எபிரேயு வேற, அது இரவில நித்திரை தூங்கித் தூங்கிப் படிக்கிற பாடமில்ல.

ஆய்வுத் தலைப்பு எப்பிடி எடுக்கிறது?

வீட்டுக்குக் கிட்ட எடுங்கோ! இதுதான் முக்கியம், ஒருத்தரும் சொல்லித் தாறேல்ல. ஜேர்மன் இறையியலாளர் ஒராளைப் பிடிச்சீங்களெண்டா புத்தகம் தேடியே காலம் போயிடும். யாழ்ப்பாணத்துச் சபை வரலாறெண்டா அப்பிடியில்ல: அமெரிக்க மிஷன் வந்தது 1816, வட்டுக்கோட்டை செமினறி 1823, உடுவில் மகளிர் பாடசாலை 1824, உதயதாரகை பத்திரிகை 1841, எல்லாம் சைக்கிள் ஓடுற தூரம், பிள்ளையை ரியூசனில இறக்கிப்போட்டு ரெண்டு மணித்தியாலம் லைபிரறியில இருந்திட்டு ஏத்திக்கொண்டு வரலாம். பழைய புத்தகங்கள் கனக்க நூலகம் இணையத்தளத்திலயும் கிடக்கு, அடுப்படியில ஃபோனில வாசிச்சனான். சைவ சித்தாந்தத்தோட ஒப்பிட்டு எழுத விருப்பமெண்டாலும் இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

முடிச்சா சம்பளம் கூடுமோ?

சபையில எண்டா பெரிசா எதிர்பாக்காதேங்கோ. சம்பளத்துக்குத்தான் படிப்பெண்டா வேற எம்ஏ பாருங்கோ தங்கச்சி.