பழைய வைஸில் இரண்டு பக்கமும் வேறு வேறு பிளேட்: வெல்டிங் வைத்துவிடலாமா?

கேட்டவரின் நிலைமை இது: பழைய இரும்புக்கடையில் வாங்கிய 5 இஞ்ச் பெஞ்ச் வைஸ். பொருளைப் பிடிக்கும் இரண்டு தாடைகளில் ஒரு பக்கம் பல் வெட்டிய பிளேட், மறுபக்கம் வழவழவென்று வேறு எதிலிருந்தோ எடுத்து மாட்டியது. கனமும் வேறு, உயரமும் வேறு. ஒரு திருகு நிற்காமல் ஆடுகிறது. அப்படியே வெல்டிங் வைத்துவிடலாமா என்கிறார்.

வெல்டிங் மட்டும் வேண்டாம். வைஸின் உடம்பு வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஓட்டினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மயிரிழை போல விரிசல் விடும். ஒரு நாள் பலமாக இறுக்கும்போது தாடையின் மூலை கையோடு வந்துவிடும். திருகு வைத்து மாட்டியிருப்பதே தேய்ந்தால் கழற்றி மாற்றத்தானே.

கோவை உக்கடத்தில் நானும் இதே மாதிரி ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஏமாந்தது கடைக்காரரிடம் இல்லை, என்னிடமே. புது பிளேட் ஒரு ஜோடி வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். வாங்கி வந்து பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை 3 மி.மீ. தள்ளி நிற்கிறது. 5 இஞ்ச் என்பது தாடையின் அகலம் மட்டும்தான். ஓட்டைகளின் இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது அப்போது தெரியாது. வட்ட அரத்தால் ஓட்டையை இழுத்துவிட்டு மாட்டினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு பைப்பை இறுக்கும்போது 'டப்' என்று சத்தம். திருகின் தலை தனியாகத் தரையில் கிடந்தது.

வைஸைத் தூக்கிக்கொண்டு தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் புது பிளேட்டைக் கையில்கூட எடுக்கவில்லை. பிளேட் உட்காரும் இடத்தை விரலால் தடவிவிட்டு, "தம்பி, உக்கார்ற எடமே மேடும் பள்ளமுமா இருக்குதுங்களே, இதுல எதை மாட்டி என்னங்க?" என்றார். பழைய பெயின்ட் இரண்டு அடுக்கு, அதற்கடியில் துரு, ஓரத்தில் யாரோ சுத்தியலால் தட்டியதில் எழும்பிய பிசிறு. அதன்மேல் எந்த பிளேட்டை வைத்தாலும் ஊசலாடும். ஊசலாடும் பிளேட்டில் இறுக்கும் பாரம் முழுக்கத் திருகின் மேல்தான் விழும்.

அதனால் முதல் வேலை, இரண்டு பிளேட்டையும் கழற்றுங்கள். வராத திருகுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் ஸ்குரு டிரைவரை வைத்து அதன் தலையில் நாலு தட்டுத் தட்டித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். உட்காரும் இடத்தைத் தட்டை அரத்தால் மட்டம் செய்யுங்கள். மேட்டை மட்டும் எடுத்தால் போதும். பிளேட்டின் முதுகு சாயும் பின்பக்க முகமும் அதன் அடி உட்காரும் படியும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். இரண்டும் சேரும் உள்மூலையில் அழுக்கு தங்கக் கூடாது.

இன்னொன்று, கனம் வேறாக இருப்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஒரு பிளேட் 8 மி.மீ., மற்றது 10 மி.மீ. என்றாலும் தாடைகள் இணையாகத்தான் மூடும். உயரம் வேறாக இருப்பதுதான் தொல்லை. தகட்டை வளைக்கும்போது மடிப்பு கோணலாகும். மேல்மட்டத்துக்கு அரம் போடும்போது உயரமாக நிற்கும் பிளேட்டில் உரசி, அது கெட்டியான இரும்பாக இருந்தால் அரத்தின் பல் போய்விடும்.

அடுத்தது ஆடுகிற திருகு. பழைய வைஸ் என்றால் மரை இஞ்ச் கணக்கில் இருக்கலாம். 5/16 விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இஞ்ச் மரை) மரைக்கும் எம்8 (8 மி.மீ. மெட்ரிக்) மரைக்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.06 மி.மீ.தான். அதை நம்பி எம்8 போட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், அப்புறம் இறுகும். அங்கே நிறுத்தாமல் பலம் கொடுத்துத் திருகினால் மரை காலி. முந்தைய சொந்தக்காரர் இதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். நல்ல திருகு ஒன்று மிஞ்சியிருந்தால் அதில் 10 மரையின் நீளத்தை அளந்து பாருங்கள். 14.1 மி.மீ. வந்தால் 5/16 விட்வொர்த், 12.5 வந்தால் எம்8.

மரை போன ஓட்டையைப் பெரிதாக்கி எம்10 போடத் தோன்றும். அந்தத் திருகின் தலையே சுமார் 20 மி.மீ. வரும், பிளேட்டின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் அது சரிப்படாது. நான் செய்தது இது: 10.2 மி.மீ. டிரில் ஓட்டி, எம்12 டேப் (உள்மரை வெட்டும் கருவி) போட்டு, அதில் ஒரு போல்ட் துண்டை மரை கழலாமல் பிடிக்கும் பசையோடு இறுக்கி, மேலே அரத்தால் மட்டம் செய்து, நடுவில் 6.8 மி.மீ. டிரில் ஓட்டி எம்8 டேப் போட்டேன். வார்ப்பிரும்பில் எண்ணெய் இல்லாமலேயே டேப் போடலாம். சுருளாக வராமல் கரிப்பொடி மாதிரி கொட்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை பின்னால் திருப்பிப் பொடியை ஊதிவிடுங்கள்.

பிளேட் இரண்டையும் ஒரே பட்டையிலிருந்து அறுங்கள். நான் எடுத்தது ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு), 20க்கு 10 மி.மீ. பட்டை. வீட்டு வேலைக்கு அதைப் பதம் போடாமலேயே (சூடாக்கிக் கெட்டிப்படுத்தாமலேயே) வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பட்டையைச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால் வளைவதற்கு வாய்ப்பு அதிகம், அதைச் சரிசெய்ய சர்ஃபேஸ் கிரைண்டிங் (மெஷினில் முகத்தைத் தேய்த்து மட்டம் செய்வது) வரைக்கும் போக வேண்டிவரும். பல் வெட்டவும் நான் மெனக்கெடவில்லை.

ஓட்டை எங்கே வரும் என்பதை ஸ்கேலால் அளக்காதீர்கள். தலையில்லாத திருகு இரண்டின் நுனியைக் கூராக்கி, தாடையின் ஓட்டைகளில் கூர்முனை ஒரு மி.மீ. மட்டும் வெளியே தெரியும்படி ஏற்றுங்கள். பட்டையைப் படியில் உட்கார வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு புள்ளி விழும். சென்டர் பஞ்ச் அடிக்கும்போது அந்தப் புள்ளியை மயிரளவு மேலே தள்ளிக்கொள்ளுங்கள், 0.2 மி.மீ. போதும். திருகின் கூம்புத் தலை இறங்கும்போது பிளேட்டைக் கீழே படியோடு அழுத்திப் பிடிக்கும். தலைக்கான குழிக்குப் பெரிய டிரில் பிட்டை வைத்துச் சமாளிக்க வேண்டாம். அதன் முனை 118 டிகிரி, திருகின் தலை 90 டிகிரி. குழிக்குள் ஓட்டையின் விளிம்பில் மட்டும் ஒட்டி நிற்கும், பிறகு தளரும். கவுண்டர்சிங்க் பிட்டே வாங்கிவிடுங்கள். தலை முகத்திலிருந்து ஒரு மி.மீ. உள்ளே போகட்டும்.

மாட்டிய பிறகு செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, மேலே இரண்டு மூலை, கீழே இரண்டு மூலை என நாலு இடத்தில் வைத்து லேசாக இறுக்கி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். மேலே இரண்டும் பிடித்து, கீழே லேசாக வழுக்கினால் நல்லது. பலமாக இறுக்கும்போது தாடை கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் கீழேயும் பிடித்துவிடும். மேலே வழுக்கி, கீழே மட்டும் பிடித்தால் பிளேட்டைக் கழற்றி, கீழ்ப்பாதியில் பின்பக்கம் இன்னும் மேடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மரை எது என்று பிடிபடாவிட்டால் அந்தத் திருகை ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.