எச்ஐவி உள்ள தாயின் குழந்தைக்கு எந்தப் பால்? கேள்வி பதில்

கேள்வி (ஈசூன்): மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் சிங்கப்பூரில் தாய்ப்பால் வேண்டாம் என்கிறார்கள்?

பதில்: கிருமி தெரியாத நிலை நீடித்தால் உடலுறவில் பரவாது என்பது உறுதி. தாய்ப்பாலுக்கு அந்த உறுதி இல்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் பால் வழியாக மட்டும் 100 குழந்தைகளில் 5 முதல் 20 பேருக்குத் தொற்றலாம். சிகிச்சையில் கிருமி அடங்கியே இருந்தால் 1-க்கும் கீழ், ஆனால் பூஜ்யம் இல்லை. மாவுப்பாலில் பூஜ்யம். ஆனால் சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடங்களில் மாவுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கும் சத்துக்குறைவும் குழந்தைகளைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் அங்கே மருந்தோடு தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரின் குழாய்த் தண்ணீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அப்படியும் தாய்ப்பால் கொடுக்கத்தான் மனம் என்றால், பால் கொடுக்கத் தொடங்கும் முன்பே சிறப்பு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு அடிக்கடி கிருமி அளவுப் பரிசோதனை, குழந்தைக்கு மருந்து, பால் நிறுத்திய பிறகும் சோதனை என்று எல்லாம் வேண்டும். மறைத்துக் கொடுத்தால் இவை ஒன்றும் நடக்காது.

கேள்வி (உட்லண்ட்ஸ்): மாமியார் “பகலில் மாவுப்பால், ராத்திரி மட்டும் தாய்ப்பால் கொடு” என்கிறார். அவருக்கு என் நோய் தெரியாது.

பதில்: மாவுப்பால் என்று முடிவானால் மாவுப்பால் மட்டும்தான். ராத்திரிப் பாலிலும் அதே கிருமிதான். “நான் சாப்பிடும் மருந்து பாலில் இறங்கும், டாக்டர் வேண்டாமென்றார்” என்று சொல்லுங்கள், போதும். பொய்யும் இல்லை.

கேள்வி (செங்காங்): பால்மாவு எப்படிக் கலக்க வேண்டும்? வீட்டில் 45 டிகிரியில் வைக்கும் குழந்தைக் கெட்டில் இருக்கிறது.

பதில்: அந்தக் கெட்டில்தான் சிக்கல். பால்மாவு கிருமி நீக்கப்பட்டதல்ல. குரோனோபாக்டர் என்ற கிருமி அதில் இருக்கலாம். 45 டிகிரி அதைக் கொல்லாது, குறைந்தது 70 டிகிரி வேண்டும். போத்தலையும் காம்பையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து 30 நிமிடத்துக்குள் பயன்படுத்துங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, அப்புறம் மாவைப் போடுங்கள். அளவுக் கரண்டியை அழுத்தாமல், மேலே கத்தியால் வழித்துச் சமமாக்குங்கள். கரண்டிக்கு எத்தனை மில்லி என்பது டின்னுக்கு டின் மாறும். ஒரு நிறுவனத்தின் கரண்டியை இன்னொன்றில் போடாதீர்கள். கலந்த போத்தலைக் குழாயடியில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள்.

முதல் வாரம் தாண்டியதும் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, எட்டு வேளை என்றால் வேளைக்கு 75. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். டின் விலையைப் பார்த்து நீர்க்கக் கலக்கிறவர்கள் உண்டு. சோடியம் குறைந்து குழந்தைக்கு வலிப்பு வரலாம். கெட்டியாகக் கலந்தால் நீர்ச்சத்து இழப்பும் மலச்சிக்கலும்.

கேள்வி (தெம்பனிஸ்): பால் கட்டிக்கொண்டால்?

பதில்: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள், பால் சுரப்பை நிறுத்தும் கேபர்கோலின் மாத்திரையை 1 மில்லிகிராம் அளவில் தாய்க்கு ஒரே தடவை கொடுப்பதுண்டு. ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு ஆகாது. அதனால் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். இறுக்கமில்லாத உள்ளாடை, குளிர் ஒத்தடம், பாராசிட்டமால். பீய்ச்சிப் பீய்ச்சி எடுத்தால் இன்னும் ஊறும். தேக்கா சந்தையில் மல்லிகைப்பூ வாங்கி மார்பில் வைத்துக் கட்டுவதில் கெடுதல் இல்லை, அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி (ஜூரோங்): தோழி தன் பாலைத் தருகிறேன் என்கிறாள்.

பதில்: வாங்காதீர்கள். சோதிக்காத பாலில் எது இருக்கும் என்று தெரியாது. பால் வங்கியில் கொடையாளியைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அது பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கே.

கேள்வி (பொங்கோல்): ஆறு மாதம் முடிந்தது. சோற்றை நானே மென்று ஊட்டலாமா?

பதில்: கூடாது. உங்கள் ஈறில் ரத்தம் கசிந்தால் அது உணவோடு போகும். இப்படித் தொற்றிய குழந்தைகள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். கஞ்சியைக் குழைய வேகவைத்து முள்கரண்டியால் மசியுங்கள்.