பரிதாபப்படுங்கள், ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள்

கேள்வி: பிலடெல்பியா பக்கம் குடிவந்ததிலிருந்து பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. எங்கள் அணியின் ரிலீஃப் பிட்சர், அதாவது ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பந்து வீசுகிறவர், ஒருவர் இந்த சீசனில் பந்தைக் கையில் எடுத்தாலே தோல்விதான். மைதானமே ஊளையிடுகிறது. எனக்கோ அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நண்பர்கள், “கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு உன் பரிதாபம் எதற்கு?” என்று கேலி செய்கிறார்கள். நான் அசடா? இவர்களோடு இனி மேட்ச் பார்க்கப் போகலாமா?
— ஒரு வாசகர், பென்சில்வேனியா

பதில்: அசடு இல்லை. ஆனால் உங்கள் பரிதாபம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. பந்து வீசியவரைப் பார்க்கிறீர்கள், அவரை அங்கே அனுப்பியவரைப் பார்ப்பதில்லை.

உங்கள் ஊர்க்கதையையே எடுத்துக்கொள்வோம். 2008-இல் பிராட் லிட்ஜ், ஃபில்லீஸ் அணிக்காக வெற்றியைக் காத்துத் தரவேண்டிய 48 ஆட்டங்களில், சீசன் முடிவில் வரும் பிளேஆஃப் சுற்றையும் சேர்த்து, 48-லும் காத்துத் தந்தார். உலகத் தொடர் எனும் இறுதிச்சுற்றின் கடைசி அவுட்டும் அவருடையதே. மண்டியிட்டு இரு கைகளையும் தூக்கிய அந்தப் படம் உங்கள் ஊரில் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். அந்த ஆண்டே மூன்று வருடத்துக்கு 3 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம். அடுத்த வருடம் அதே மனிதர் 11 முறை கோட்டைவிட்டார். எட்டுத் தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை. ரன் சராசரி 7.21.

உங்கள் நண்பர்கள் இந்த 7.21-ஐத்தான் முகத்தில் எறிவார்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்றும் கேளுங்கள். ஃபீல்டர்களின் தவறால் வந்தவை போக, ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற சராசரி அது. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் வருடத்துக்கு 180, 200 இன்னிங்ஸ் வீசுவார். ஓர் இரவு அடி வாங்கினால் அடுத்த வாரமே கரைந்துவிடும். லிட்ஜ் அந்த வருடம் முழுக்க வீசியது 59 இன்னிங்ஸ்கூட இல்லை. ஒரு மோசமான இரவின் கறை மாதக்கணக்கில் போகாது. குளோசர் எனும் கடைசி இன்னிங்ஸ்காரரின் தொழிலே அப்படி: முன்னிலை மூன்று ரன்னோ குறைவோ, கடைசி இன்னிங்ஸ், காப்பாற்றினால் கணக்கில் ஒரு ‘சேவ்’. வேலையைச் சரியாகச் செய்தால் ‘ஜெயித்த ஆட்டம்தானே’ என்பார்கள். தவறினால் இவர் பெயர் மட்டும் மறுநாள் தலைப்பில் வரும். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுகிறவரின் கதைதான், ஆனால் இவருக்கு வருடம் முழுவதும் கடைசி ஓவர் மட்டுமே.

யாரை எப்போது இறக்குவது என்று முடிவு செய்யும் மேனேஜர் சார்லி மானுவல், லிட்ஜைக் கைவிடவில்லை. விசுவாசம் என்று மெச்சினார்கள். 2009 உலகத் தொடரின் நான்காம் ஆட்டம், 4-4 சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், லிட்ஜ். மூன்று அவுட்டில் முடிகிற இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆகிவிட்டது. அப்புறம் எதிரணியான யாங்கீஸின் ஜானி டேமன் ஒன்பது பந்து மல்லுக்கட்டி ஒரு சிங்கிள் எடுத்தார். மூன்றாவது பேஸில் காவலுக்கு ஆள் இல்லாததைக் கவனித்து, அடுத்தவர் பந்தை அடிக்கும் முன்பே ஒரே ஓட்டத்தில் இரண்டு பேஸ் திருடினார். மூன்று ரன் போயிற்று, ஆட்டமும் போயிற்று. தொடர் முடிந்ததும் லிட்ஜுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. ஊளையிட்டவர்களும் சரி, பாவம் என்றவர்களும் சரி, அதுவரை அவருடைய மனத்தைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடக் கொடுமை 2001-இல் நடந்தது. அரிசோனாவின் பியுங்-ஹியுன் கிம், கொரியாவின் குவாங்ஜு ஊர்க்காரர், வயது 22. கை தரையை உரசுகிற மாதிரி கீழிருந்து வீசுவார். யாங்கீஸ் மைதானத்தில், உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் இறங்கி மூவரையும் பந்தை அடிக்கவிடாமல் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் ஓர் அவுட் மட்டும் பாக்கி இருக்கையில் யாங்கீஸின் டினோ மார்ட்டினெஸ் மைதானத்துக்கு வெளியே அடித்த ஹோம் ரன் ஸ்கோரைச் சமன் செய்தது. அதோடு உட்கார வைத்திருக்கலாம். மேனேஜர் பாப் பிரென்லி பத்தாவதுக்கும் அனுப்பினார். நள்ளிரவு தாண்டி டெரெக் ஜீட்டர் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டம் முடிந்தது. குளோசர் வழக்கமாக வீசுவது பதினைந்து இருபது பந்து; கிம் அன்று வீசியது 60-க்கு மேல். அடுத்த ஆட்டத்திலும் மறுபடி கிம்தான்! மறுபடி ஒன்பதாவது, இரண்டு ரன் முன்னிலை, ஓர் அவுட் பாக்கி. ஸ்காட் பிரோசியஸ் சமன் செய்தார். கிம் பந்து வீசும் மேட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். உலகமே ‘பாவம் பையன்’ என்றது. பையனை ஏன் அங்கே நிறுத்தினாய் என்ற கேள்வி அமுங்கிப்போனது. ஏழாவது ஆட்டத்தில் அரிசோனா கோப்பையையே வென்றுவிட்டதே! அதுவும் யாரிடம் இருந்து? குளோசர்களில் தலைசிறந்தவரான யாங்கீஸின் மரியானோ ரிவேரா அன்று முன்னிலையைத் தொலைத்தார். அவரை யாரும் பாவம் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? மறு வருடம் கிம் 36 சேவ் எடுத்தார்.

ஆகவே, ‘இன்னொரு வாய்ப்பு கொடுங்கள்’ என்று உருகாதீர்கள். மானுவல் காட்டிய விசுவாசமும் அதுதான். ஐந்து ரன் முன்னிலையில், ஏழாவது இன்னிங்ஸில் இறக்குங்கள், கையை ஒரு மருத்துவர் பார்க்கட்டும் என்று கேளுங்கள். உங்கள் ஆளுக்கு உருப்படியாக ஏதாவது செய்ததாக இருக்கும்.

சம்பளம்? அது ஒன்பதாவது இன்னிங்ஸில் தனியாக நிற்பதற்கான கூலி. வசவுக்கு அதில் தனிப்படி கிடையாது.

நண்பர்களோடு தாராளமாகப் போங்கள். டிக்கெட் அவர்கள் செலவு என்றால் கட்டாயம் போங்கள். அவர்கள் ஊளையிடும்போது மட்டும், எந்தப் பக்கம் திரும்பி ஊளையிட வேண்டும் என்று மேனேஜர் உட்காரும் டக்அவுட்டைக் கைகாட்டுங்கள்.