வாசகர் கேள்வி: விளையாட்டுக்குப் போகிறேன் என்றால் விசா தருவார்களா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பள்ளி ஆசிரியை. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், தாயம் என்று பழைய பலகை விளையாட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும், சனிக்கிழமைகளில் பிள்ளைகளை உட்காரவைத்து ஆடுவதும் என் பைத்தியம். ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தில் அக்டோபரில் நடக்கும் பலகை விளையாட்டுக் கண்காட்சியை ஒருமுறையாவது பார்க்க ஆசைப்பட்டு, ஒரு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தேன். ஜெர்மனிக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை, பிரான்ஸுக்குப் போட்டுவிடலாம், நோக்கம் ‘சுற்றுலா’ என்றே இருக்கட்டும் என்றார் அவர். கணக்கில் பணம் குறைவாகத் தெரிகிறது என்றதால் மைத்துனரிடம் வாங்கி ஐந்து லட்சம் போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். பயண நோக்கம் தெளிவில்லை, திரும்பிப் போவார் என்பதில் சந்தேகம் என்று இரண்டு இடத்தில் டிக் அடித்திருக்கிறது. பல்லாங்குழி ஆட ஒரு டீச்சர் ஜெர்மனி போகிறாள் என்றால் யார் நம்புவார் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். மறுபடி முயலலாமா?

பதில்: தாராளமாக முயலுங்கள் டீச்சர், அந்த ஏஜென்ட் மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டார் நம்பாமல் இருக்கலாம், ஜெர்மன்காரர்கள் நம்புவார்கள். அந்தக் கண்காட்சி 1983-லிருந்து நடக்கிறது, 2024-ல் நான்கு நாட்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோனார்கள், அக்டோபர் வந்தால் அந்த ஊரில் லாட்ஜ் கிடைக்காது. இவ்வளவு பேருக்குத் தெரிந்த ஒரு காரணம் கையில் இருக்கும்போது அதை மறைத்துவைத்து ‘சுற்றுலா’ என்று எழுதினால், விண்ணப்பத்தில் மிஞ்சுவது என்ன? பள்ளி நடக்கும் அக்டோபர் மாதத்தில், பிள்ளைகளை விட்டுவிட்டு, தனியாக, ஈஃபில் கோபுரம் பார்க்கக் கிளம்பும் ஒரு ஆசிரியை. எனக்கே சந்தேகம் வருகிறது.

ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் ஒரு விதி உண்டு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது எந்த நாட்டுக்காகப் பயணமே போகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. தேதி கிடைக்கிறது என்பதற்காகப் பக்கத்து நாட்டில் போட்டுவிட்டு, பாரிஸ் ஓட்டலுக்கு ஒரு ஒப்புக்கு புக்கிங் போட்டு வைப்பது இங்கே பலர் செய்யும் வேலைதான், அதனாலேயே அதிகாரிகளுக்கு அது அத்துப்படி. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் அக்டோபர் கண்காட்சிக்கு ஏப்ரலிலேயே இடம் தேட ஆரம்பியுங்கள். கடைசி நாள் 15 நாள் முன்பு என்று விதியில் இருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், ஏனென்றால் முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் என்றாலும் அவர்கள் நினைத்தால் 45 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஐந்து லட்சம். அதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் மைத்துனரும் இதைப் படிப்பார். மாதாமாதம் சம்பளம் விழுந்து, மளிகைக்கும் சீட்டுக்கும் போய், கொஞ்சம் மிஞ்சுகிற கணக்கில் திடீரென்று ஒரு நாள் ஐந்து லட்சம் வந்து நின்றால், அது யாருடைய பணம் என்று வங்கி ஸ்டேட்மெண்டைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். ஒரு வாரப் பயணத்துக்கு உங்கள் சம்பளமும் சேமிப்புமே போதும் என்றால் அதையே காட்டுங்கள். மைத்துனர் உண்மையாகவே செலவை ஏற்கிறார் என்றால் அவர் பெயரில் கடிதமும் அவருடைய வங்கிக் கணக்கும் வரி ரிட்டர்னும் வைத்து, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

திரும்பி வருவீர்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய ஆதாரம் வேலை. அரசுப் பள்ளியோ எய்டட் பள்ளியோ என்றால் வெளிநாடு போகத் துறை அனுமதி வேண்டும், அது மேசை மேசையாக நகர்ந்து வர நாளாகும், ஆகவே விசாவுக்கு முன்னால் அதைத் தொடங்குங்கள். எத்தனை நாள் விடுப்பு, எந்தத் தேதியில் மீண்டும் வேலையில் சேர வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். அப்புறம், உங்கள் பைத்தியத்தையும் காகிதத்தில் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை விளையாட்டின் சில படங்கள், பள்ளி ஆண்டு மலரில் ஏதாவது வந்திருந்தால் அதன் நகல், கண்காட்சி டிக்கெட், எந்த நாளில் என்ன பார்க்கப்போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் நீங்களே எழுதிய ஆங்கிலக் கடிதம். ஏஜென்ட் எழுதித் தரும் கடிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்.

நம் எல்லைப்புறத்துக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. வீடு கேரளத்தில், தோப்பு பொள்ளாச்சிப் பக்கம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, பட்டாவில் எழுத்துப் பிழையோடு இன்னொரு மாதிரி. இந்தப் பெயரெல்லாம் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மலையாளத்தில் இருக்கும் கரம் (நிலவரி) ரசீதையும் தமிழில் இருக்கும் பட்டாவையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். நிலம் எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தூதரகத்துக்குப் பொருட்டே இல்லை, ஆனால் அது உங்களுடையதுதானா என்பது பொருட்டு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி, மறுத்தாலும் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா வரும்வரை ஓட்டலை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் போடுங்கள், எஸ்ஸெனில் இடமில்லை என்றால் பக்கத்து ஊர்களான போஹும், டுசல்டார்ஃப் எல்லாம் ரயில் தூரம்தான். முதல் நிராகரிப்பு ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்து ஆண்டு இருக்கும், ஜெர்மனி அதிகாரியும் பார்ப்பார். ஆகவே கடிதத்தில் நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள்: முன்பு தவறான நாட்டில், தவறான நோக்கத்தோடு விண்ணப்பித்தேன், இம்முறை சரியாகத் தருகிறேன் என்று. ஜெர்மனி மறுத்தால் முன்பெல்லாம் தூதரகத்துக்கே மனு எழுதி மறுபரிசீலனை கேட்கலாம், 2025 ஜூலை 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இனி ஒன்று புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லை பெர்லின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பல்லாங்குழிக்காக பெர்லினில் வழக்கு போடச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நகரியில் அப்பாவோடு சேர்ந்து விசைத்தறி நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்து காமிக்ஸ் வெறியன். அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் நடக்கும் காமிக்-கான் என்ற காமிக்ஸ் விழாவுக்குப் போக ஆசை. ஆந்திர முகவரி என்பதால் ஹைதராபாத்துக்குத்தான் போக வேண்டுமாமே? நேர்காணலில் காமிக்ஸ் என்று சொன்னால் சிரிப்பார்களா? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, அது வேறு பயமாக இருக்கிறது.

பதில்: சிரித்தால் நல்லதுதான் தம்பி, சிரித்தவர் இன்னும் ரெண்டு கேள்வி கேட்பார், நீங்கள் பேசலாம். 1970-ல் தொடங்கிய விழா அது, ஜூலை மாதம் நடக்கிறது, அதை உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பயம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, சுற்றுலா விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பு. கல்யாணம் ஆகாத இளைஞர், இதுவரை வெளிநாடே போனதில்லை என்றால் கொஞ்சம் கடினம்தான், பொய் சொல்ல மாட்டேன். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும், கையிலிருக்கும் ஃபைலைப் பல நேரம் திறக்கக்கூட மாட்டார்கள். எத்தனை தறி, மாதம் எவ்வளவு ஓடுகிறது, நீங்கள் இல்லாதபோது யார் பார்ப்பார் என்பதை டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எழுதியதற்கு மாறாமல் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் வரைந்த படங்களை அங்கே விற்கப்போவதாக மட்டும் சொல்லாதீர்கள், செய்யவும் செய்யாதீர்கள், அது வேலை என்று ஆகிவிடும்.

ஹைதராபாத் கட்டாயமில்லை, சென்னையிலேயே கொடுக்கலாம், தமிழிலேயே பேசலாம். குடும்பப் பெயர் காலி என்பது நம்மவர்களுக்குச் சகஜம்: பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்ற கட்டத்தில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடுவார்கள், அப்படி விசா வாங்கிய தமிழர்கள் ஏராளம். விமான டிக்கெட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டோடு பொருந்த வேண்டும். கட்டணம் 185 டாலர், திரும்பாது. நேர்காணல் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், அதனால் விழா டிக்கெட்டை நம்பி விமான டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஹைதராபாத் பக்கத்தில் இருக்கும் சில்கூர் பாலாஜி கோயிலைச் சுற்றினால் விசா கிடைக்குமா? (புத்தூர் வாசகர்)

பதில்: வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்தபின் 108 சுற்று. நடப்பது உடம்புக்கு நல்லது. வருமான வரி ரிட்டர்னையும் தாக்கல் செய்துவிட்டுச் சுற்றுங்கள்.

கேள்வி: செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். விசா வம்பே வேண்டாம் என்று, கோலாலம்பூரில் இருக்கும் நாணயம், பழம்பொருள் சேகரிக்கும் நண்பர்களைப் பார்க்கப் போகிறேன். பாட்டியின் பித்தளைப் பல்லாங்குழியைக் கொண்டுபோய்க் காட்டலாமா?

பதில்: மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 டிசம்பர் கடைசி வரை விசா இல்லாமல் 30 நாள் போகலாம். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்ல வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்கட்டும். விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று அர்த்தமில்லை, எல்லாக் கேள்வியையும் அங்கே கவுண்டரில் வைத்துக் கேட்பார்கள்.

பல்லாங்குழியில்தான் சிக்கல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு பழமையான பொருளைத் தனியார் யாரும் நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பாட்டிக்கு அவருடைய பாட்டி கொடுத்தது என்று சுங்கத்தில் பெருமையாகச் சொல்லிவைக்காதீர்கள், வம்பு அங்கேயே தொடங்கும். அவ்வளவு பழையது இல்லை என்று நினைத்தால், தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்கிக்கொண்டு எடுத்துப் போகலாம். பழைய காசுகளுக்கும் இதே சட்டம்தான். சான்று வாங்க நேரமில்லை என்றால் நாலு பக்கமும் படம் எடுத்துப் போனில் காட்டுங்கள், ஆடிக்காட்ட புதிதாக ஒரு மரப் பலகையும் ஒரு பொட்டலம் சோழியும் போதும்.