துருப்பிடித்த புல்லட், கத்தும் ஜாவா: பழைய வண்டிக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி "என்ன கலர் அடிக்கலாம்" ரகம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நைனா ஓட்டிய 1978 புல்லட், குடியாத்தம் வீட்டுத் தாழ்வாரத்தில் 14 வருடமாக நிற்கிறது. டேங்குக்கு எந்த கலர் நன்றாக இருக்கும் அண்ணே?

கலரை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள் தம்பி. பெயிண்ட் அடித்துவிட்டு இன்ஜினைப் பிரித்தால் ஸ்பேனர் வழுக்கும், பெட்ரோல் சிந்தும், கொடுத்த காசு போச்சு. முக்கியமாக, ஆசைக்குக்கூட இப்போது கிக்கரை மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் நாலைந்து ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள், அப்புறம் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். நகர்ந்தால் பிஸ்டன் ஒட்டவில்லை, நிம்மதி.

அடுத்து டேங்க். நான் ஒருமுறை அவசரப்பட்டு பாத்ரூம் ஆசிட்டை ஊற்றி ராத்திரி அப்படியே விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் துரு போயிருந்தது, கூடவே டேங்கின் அடிப்பாகமும்: ஊசி குத்தின மாதிரி ஏழெட்டு ஓட்டை. இப்போதெல்லாம் வினிகர்தான். ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, இரண்டு நாள் விட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் காய்ந்த உடனே உள்ளே ஆயில் பூசிவிடுவேன். அந்த "உடனே" முக்கியம், அரை நாள் விட்டால் மறுபடி செம்மண் நிறம் வந்துவிடும்.

இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், அதனால் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் புதிது போடுங்கள். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகித் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

இத்தனையும் முடிந்து வண்டி ஓடின பிறகு பழைய பெயிண்டை வேக்ஸ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். டேங்கில் தங்கக் கோடு மிச்சமிருந்தால் அது திருவொற்றியூர் ஃபேக்டரியில் ஒருத்தர் பிரஷ் பிடித்துக் கையால் இழுத்தது. ஸ்டிக்கருக்கு அந்த அழகு வராது.

புல்லட் கிக்கர் திருப்பி அடித்து கணுக்கால் வீங்கிவிட்டது. (ஆற்காடு)

பாயிண்ட் (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) இடைவெளியைப் பாருங்கள், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். அதிகமானால் ஸ்பார்க் முன்கூட்டியே வரும், பிஸ்டன் மேலே ஏறும்போதே வெடிக்கும். வேகத்துக்கு ஏற்ப ஸ்பார்க்கை முன்னே தள்ளும் ஆட்டோ அட்வான்ஸின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கதை. அது சரியென்றால் தப்பு உங்கள் காலில். சாவி போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள், ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்து கிக்கர் இறுகும். அங்கே டீகம்ப்ரஸரை (இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து இன்னும் கொஞ்சம் அழுத்தி, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே மிதி. பாதியில் காலைத் தூக்கக்கூடாது.

ஜாவாவில் ஏலகிரி ஏறினால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்துகிறது. மூன்று கார்புரேட்டர் மாற்றியாயிற்று. (வாணியம்பாடி)

நாலாவதை வாங்காதீர்கள். கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ரப்பர் வளையம், போயிருக்கும். ரொம்ப நாள் நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் சீல் ரப்பர் கல்லாகிவிடும், அந்த இடுக்கில் காற்று உள்ளே போகும், கலவையில் பெட்ரோல் அளவு குறையும், இன்ஜின் கத்தும், சூடேறும். பெட்ரோலோடு கலந்துதான் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) போகிறது என்பதால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறையும். 14 கொண்டை ஊசி ஏறுவதற்குள் ஜாம் ஆனாலும் ஆச்சரியமில்லை. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும், அதையும் கவனியுங்கள். இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். மைசூர் ஜாவா ஃபேக்டரியே 1996இல் மூடியாயிற்று, அதற்காகக் காயலான் கடையில் எடுத்த பழைய சீலைப் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆர்எக்ஸ் 100 சைலன்சரை வெட்டி, சேஸையும் குட்டையாக்கினால் மாஸாக இருக்குமா? (காட்பாடி)

சத்தம் ஏறும், இழுவை குறையும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வயிறும் இன்ஜினில் ஒரு பாகம்தான். வெளியே ஓடப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையைத் திரும்ப உள்ளே தள்ளுவதே அது. சேஸில் கை வைத்தால், வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவில் மாட்டுவீர்கள். 98 சிசியில் 11 குதிரைசக்தி கொடுத்த வண்டி அது, விட்டுவிடுங்கள்.

வின்டேஜ் நம்பர் வாங்கலாமா? (ஆரணி)

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் வாங்கலாம், 2021இல் வந்த விதி. நம்பரில் "விஏ" எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு, புதுப்பிக்க 5,000. ஆனால் அந்த நம்பரில் தினமும் கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்ட முடியாது. காய்கறி வாங்கப் போகிற வண்டியென்றால் சாதாரண ஆர்.சி.யையே காலத்தில் புதுப்பித்துக்கொண்டு இருங்கள்.

ஆம்பூரில் தோல் வாங்கி புல்லட் சீட் தைக்கலாமா?

அசல் சீட்டே ரெக்சின்தான். ஷூவுக்குப் பதப்படுத்தின தோலை நம்ம ஊர் கத்திரி வெயிலில் நிறுத்தினால் இரண்டு கோடையில் வெடித்துவிடும். ஆசையென்றால் டூல் பையைத் தோலில் தைத்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் அப்படித்தான், வார் மட்டும் இதுவரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன்.