கோதுமைக் கப்பல் வந்த காலம்

கேள்வி: உதவி வாங்கும் ஏழை நாடு, உதவுகிற வல்லரசின் போரைக் கண்டிக்க முடியுமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: முடியும். நாமே செய்திருக்கிறோம், சிரமப்பட்டு.

1966இல் நான் மூன்றாம் வகுப்பு. ரேஷனில் அரிசி குறைந்து கோதுமை போட்டார்கள். சாக்கின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும். அம்மா கோதுமையை உடைத்து உப்புமா கிண்டுவார், எங்களுக்கு இறங்காது. அது பிற நாடுகளுக்கு உணவு தானியம் தருவதற்கான அமெரிக்காவின் பி.எல். 480 சட்டப்படி வந்த தானியம் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.

1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது. அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பார்த்துக் கப்பல்களை விட்டார். முதலில் உங்கள் விவசாயத்தைச் சீர்செய்யுங்கள் என்றார். வியட்நாம் போரை நாம் குறை சொன்னதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜூனில்தான் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருந்தோம், டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில், ஜூலையில், வட வியட்நாமில் குண்டு போடுவதை நிறுத்துங்கள் என்று இந்திரா காந்தி சொன்னார். அவருடைய மற்ற பல முடிவுகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த ஜூலையை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது.

இதில் உங்கள் பக்கத்து ஊர்க்காரரை மறக்கக் கூடாது. பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம்தான் அப்போது உணவு அமைச்சர். எதிர்ப்பையும் மீறி, மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் குட்டை ரகக் கோதுமை விதை 18,000 டன்னை வரவழைத்தார். டெல்லியில் தன் வீட்டுப் புல்வெளியிலேயே புது ரகத்தைப் பயிரிட்டுக் காட்டினார். 1968 அறுவடையில் கோதுமை 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அதன் பிறகு கப்பலுக்காகக் காத்திருப்பது வருடா வருடம் குறைந்தது.

கேள்வி: அந்தக் கோதுமை இனாமாக வந்ததா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பகுதி இனாம் இல்லை. ரூபாயில் விலை கொடுத்தோம். அந்தப் பணம் அமெரிக்கக் கணக்கில் இங்கேயே மலையாய்க் குவிந்தது. 1974 பிப்ரவரியில் தூதர் டேனியல் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி நம்மிடமே திருப்பித் தந்தார். வங்கதேசப் போரின்போது அமெரிக்கா வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பல் அனுப்பி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.